தட்டில் தானாக மாறும் விலை: கேட்டவர்களுக்குப் பதில்

கிளிநொச்சிப் பக்கம் கடைகளுக்கு பில் மெஷினும் ஸ்கானரும் பூட்டிக் கொடுப்பது என் வேலை. கடைத் தட்டில் சாமானுக்குக் கீழே விலை காட்டுகிற சின்னத் திரை, அதாவது மின்னணு விலைச்சீட்டு பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அண்ணை, கரண்ட் போனால் விலையும் அழிந்துவிடுமா? (பரந்தன்)

அழியாது தம்பி. அது ஈ-பேப்பர். உள்ளே இருக்கிற கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்சாரம் பட்டதும் இடம் மாறி அங்கேயே நின்றுவிடும். விலை மாற்றும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும், சீட்டு ஒருதரம் கறுத்து வெளுத்து புது எண்ணைக் காட்டும். அதனால்தான் ஒரு சின்னப் பொத்தான் பற்றறியிலேயே வருடக்கணக்காக ஓடுகிறது.

காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை என்று ஏமாற்ற மாட்டினமா? (முல்லைத்தீவு)

செய்ய முடியும் அக்கா, பயம் நியாயமானதுதான். 2024இல் அமெரிக்காவின் வால்மார்ட் கடை நிறுவனம் 2026க்குள் 2,300 கடைகளில் இதைப் பூட்டப்போவதாகச் சொன்னபோது, இரண்டு நாள் எடுக்கும் விலைமாற்றம் சில நிமிடத்தில் முடியும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதே வருடம் அமெரிக்க செனட்டர்கள் இரண்டு பேர் குரோகர் என்ற அங்கத்தைய சூப்பர்மார்க்கெற் நிறுவனத்திடம் கடிதம் போட்டு இதே சந்தேகத்தைக் கேட்டார்கள். நோர்வேயில் ‘ரேமா 1000’ என்ற பெயருள்ள கடைகளில் விலையைப் பகலில் இறக்குவார்கள், ஏற்றுவதென்றால் கடை பூட்டிய பிறகுதான். இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் எனக்குச் சீட்டில் பிரச்சினையே இல்லை. இல்லையென்றால், நீங்கள் 480க்கு எடுத்து கூடையில் போட்ட பால்மா, காசு கட்டும் இடத்துக்குப் போவதற்குள் 520 ஆகலாம். தட்டு விலையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆளைப் பார்த்து விலை காட்டுமா?

ஒரே சீட்டைத்தானே எல்லோரும் பார்க்கிறோம். ஆளுக்கொரு விலை வருவதென்றால் பொயின்ற்ஸ் கார்ட்டாலும் செயலியில் வரும் கழிவாலும்தான் வரும், அதைக் கவனியுங்கள்.

எங்கட நாட்டுச் சட்டம் விடுமா? (வவுனியா)

பக்கெற்றில் அச்சடித்த உச்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது, விலையைக் காட்சிக்கும் வைக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகிற விசயம் இது, முறைப்பாடு சொல்ல 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள். ஆக, அச்சு விலையோடு வருகிற சாமானுக்குச் சீட்டு அந்த விலையைத் தாண்டாமல்தான் ஏறி இறங்கலாம். மரக்கறி, மீனுக்கு அச்சு விலை ஏது? மீன் சந்தையில் மத்தியானம் விலை விழுவது போல அங்கேதான் ஆட்டம் கூட இருக்கும்.

புதுக்குடியிருப்பில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. விலை மாறினால் ஒரு பிள்ளை பேனையோடு அரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். அந்தக் காசில் முதலில் பில் மெஷினில் உள்ள பழைய விலைகளைச் சரிபார்க்க ஒரு ஆளைப் பிடியுங்கள்.