கையெழுத்தும் கைநாட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நான்கு வருடங்களாக அடிலெய்டில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. நாங்கள் போகும் சர்ச்சிலிருந்து வருடா வருடம் ஒரு சிறு குழு வடமேற்கே பிட்ஜன்ஜட்ஜாரா என்ற ஆதிக்குடி மொழி பேசும் ஊர்களுக்குப் போகிறது. இரண்டு வாரம் தங்கி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த முறை என்னையும் கூப்பிட்டார்கள், சரி என்றேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இதுவரைக்கும் செய்ததெல்லாம் போதாதா?" என்றார். அவருடைய பாட்டி மிஷன் விடுதியில் வளர்க்கப்பட்ட அபாரிஜினல், அதாவது ஆதிக்குடிப் பெண் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நம் ஊரில் சீகன்பால்கு முதற்கொண்டு பாதிரியார்கள் பள்ளிக்கூடம் கட்டியதை நன்றியோடுதான் சொல்கிறோம். அதே வேலையை இங்கே செய்தவர்கள் மேல் ஏன் இவ்வளவு கசப்பு? மிஷனரிகள் எழுத்தறிவு கொடுத்தது நன்மையா, தீமையா? நான் போகலாமா, கூடாதா?

ம.,
அடிலெய்டு

அன்புள்ள ம.,

உங்கள் நண்பரின் கோபத்தை முதலில் அப்படியே ஒப்புக்கொண்டுவிடுங்கள். அவர் மிகைப்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவில் பல மிஷன்கள் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதியில் அடைத்தன. சொந்த மொழி பேசினால் தண்டனை கொடுத்த இடங்களும் இருந்தன. அரசாங்கம் சட்டத்தின் பேரில் பிடித்து வந்த பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டவர்களில் சபைகளும் உண்டு. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் வாய்திறந்து சொன்ன சாட்சியம் 1997இல் ஓர் அரசு விசாரணை அறிக்கையாகவே வந்துவிட்டது. நான் படித்த பள்ளியிலும் தமிழில் பேசினால் பத்துப் பைசா அபராதம் உண்டு. ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் தமிழில் கத்தலாம். விடுதிப் பிள்ளைக்குப் போவதற்கு வீடு இல்லை.

உங்கள் கேள்வி எழுத்தறிவைப் பற்றியது. அதற்கான ஒரு கதை நீங்கள் இருக்கும் ஊரிலேயே, டோரன்ஸ் ஆற்றங்கரையில், கோல்ஃப் மைதானம் இருக்கும் பூங்காவில் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் பில்டாவொட்லி என்று பெயர். பாஸம் என்ற மரவிலங்கின் வீடு என்று பொருள். டைஷல்மன், ஷூர்மன் என்ற இரண்டு லுத்தரன் மிஷனரிகள் 1838இல் அடிலெய்டில் வந்து இறங்கினார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்த மண்ணின் மக்களான கார்னாக்களின் பிள்ளைகளுக்கு, கார்னா மொழியிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1840இல் அந்த மொழிக்கு ஓர் இலக்கணமும் சுமார் 2,000 சொற்கள் கொண்ட அகராதியும் அச்சாயின. வந்து இரண்டே வருடத்தில்!

அவர்கள் புண்ணியத்துக்காக மொழி கற்றவர்கள் அல்ல. வேதத்தை அவரவர் தாய்மொழியில் கேட்க வைக்கவேண்டும் என்பது லுத்தரன் வழி. மதம் மாற்றுவதுதான் நோக்கம், மொழி அதற்கான ஏணி. அந்த ஏணியில் ஏறி அவர்கள் சொல்லிக்கொள்ளும்படி யாரையும் மதம் மாற்றிவிடவில்லை என்பது வேறு கதை.

பள்ளியை மூடியது யார் என்று பாருங்கள். ஆளுநர் ஜார்ஜ் கிரே. 1845இல் பில்டாவொட்லிக் குடிசைகள் இடிக்கப்பட்டன, பிள்ளைகள் ஆங்கிலம் மட்டுமே சொல்லித்தரும் அரசுப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். இந்த கிரே மொழி அருமை தெரியாத ஆள் இல்லை. மேற்கு ஆஸ்திரேலிய ஆதிக்குடிகளின் சொற்களைத் திரட்டித் தாமே சொற்கோவை வெளியிட்டவர். பிற்காலத்தில் டைஷல்மன் கையெழுத்தில் எழுதிய பெரிய கார்னா அகராதி போய்ச் சேர்ந்ததும் இவருடைய நூலகத்துக்குத்தான். இன்றும் அது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிரே சேகரிப்பில் இருக்கிறது. மொழியைப் புத்தகமாக அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசை, பிள்ளைகளின் வாயில் இருந்தால் மட்டும் ஆகாது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இருவரையும் அனுப்பியது ஜெர்மனியின் டிரெஸ்டன் மிஷன் சபை. அதே சபை 1840இல் கோர்டெஸ் என்பவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. ஆஸ்திரேலிய வேலை முடங்கியதும் சபையின் கவனம் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பியது. அது 1848இல் லைப்சிக் நகருக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆயிற்று. திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்த கார்ல் கிரவுல் அதன் இயக்குநர். ஆகவே தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் பள்ளிக்கூடமும் பில்டாவொட்லியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று பிழைத்தது, மற்றது ஐந்தரை வருடத்தில் செத்தது.

ஏன் என்பதில் உங்கள் சீகன்பால்கு கேள்விக்குப் பதில் இருக்கிறது. அவர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது தமிழுக்கு எழுத்து இருந்தது, வாத்தியார் இருந்தார், திண்ணைப் பள்ளி இருந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர் அவர்தான். அவர் வராமல் போயிருந்தாலும் தமிழ் எழுதப்பட்டிருக்கும். அடிலெய்டில் நிலைமை தலைகீழ். குடியேறிகள் நிலத்தை எடுத்துக்கொண்டு, வேட்டைக் காட்டை ஆட்டு மந்தைக்குத் திறந்துவிட்ட வேளையில், அந்த மொழியை எழுத்தில் வைத்திருந்தவர்கள் மூன்று நான்கு பாதிரியார்கள் மட்டும். அவர்களைத் தள்ளினால் எழுத்தும் போச்சு.

முழுக்கப் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். கார்னா பேசத் தெரிந்த கடைசி மனுஷி என்று சொல்லப்படும் இவரிட்ஜி 1929இல் இறந்தார். அறுபது வருடம் கழித்து, அவருடைய ஜனங்களின் பேரப்பிள்ளைகள் அந்த 1840ஆம் வருடத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தங்கள் மொழியைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பாதிரியார் பிரசங்கத்துக்காகச் சேர்த்த சொற்கள் இன்று தாலாட்டுக்கும் வரவேற்புரைக்கும் உதவுகின்றன. ஷூர்மன் போர்ட் லிங்கனுக்குப் போய் 1844இல் வெளியிட்ட பார்ங்கார்லா அகராதியும் இப்போது அந்த மக்கள் கையில் அப்படித்தான் புழங்குகிறது. உங்கள் ஊர் விழாக்களில் "நீனா மர்னி" என்று கேட்டிருப்பீர்கள். "நீ நலமா" என்று அர்த்தம். அந்த "நீனா"வைக் கேட்டதும் குமரிக்கண்டத்துக்குக் கப்பல் ஏறிவிடாதீர்கள். தற்செயல்தான்.

மிஷனரிகளில் எல்லாரும் விடுதி கட்டவில்லை. நீங்கள் போகப்போகும் பக்கத்தில் எர்னபெல்லா இருக்கிறது, இப்போது புகட்ஜா என்பார்கள். சார்ல்ஸ் டூகிட் என்ற டாக்டரின் முயற்சியால் பிரெஸ்பிட்டீரியன் சபை 1937இல் அங்கே மிஷன் தொடங்கியது. குலவழக்கங்களில் வலியத் தலையிடுவதில்லை, வேலைக்கு வருபவர்கள் மக்கள் மொழியைக் கற்கவேண்டும் என்பது டூகிட் வகுத்த விதி. 1940இல் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் முதலில் எழுதியது பிட்ஜன்ஜட்ஜாராவில். விடுதி இல்லை. ராத்திரி அவரவர் குடும்பத்தோடு தூங்கினார்கள்.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் யிர்கலா என்ற ஊர். 1935இல் மெத்தடிஸ்ட் மிஷன் வந்த இடம், யோல்ங்கு மக்களின் நிலம். 1963இல் அங்கே பாக்ஸைட் என்ற அலுமினியத் தாதுச் சுரங்கத்துக்காக அரசாங்கம் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துக்கொண்டது. நிலத்துக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெத்தடிஸ்ட் தலைமை சுரங்கக் கம்பெனியோடு ஒத்துப்போய்விட்டது. ஆனால் உள்ளூர் மிஷன் பொறுப்பாளர் எட்கர் வெல்ஸ் ஒத்துப்போகவில்லை. தந்திக்கு மேல் தந்தி அடித்தார். அதற்குப் பரிசாகச் சபை அவரைப் பதவியிலிருந்து தூக்கியது.

யோல்ங்குக்கள் மனு எழுதினார்கள். தங்கள் குமாட்ஜ் மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்து, அந்தத் தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களை வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சித்திரங்கள்தான் நிலப் பட்டா. எழுத்து, பட்டா படிக்கத் தெரியாத வெள்ளைக்காரருக்கான விளக்கவுரை. பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். துறை அமைச்சர் ஹாஸ்லக் ஒரு குறை கண்டுபிடித்தார்: கையெழுத்துப் போட்டவர்கள் சின்ன வயசுக்காரர்கள், ஊருக்காகப் பேசத் தகுதி இல்லாதவர்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் இளைஞர்களாகத்தானே இருப்பார்கள்? அதனால் அதே ஆகஸ்டில் இரண்டாவது மனு போயிற்று. இந்தத் தடவை பெரியவர்களின் பெருவிரல் ரேகை. நம் ஊரில் "கைநாட்டு" என்றால் வசவு. அங்கே கையெழுத்தை நம்பாத அமைச்சரை வாயடைக்க வைத்தது கைநாட்டு.

சுரங்கம் நிற்கவில்லை. 1971இல் வழக்கிலும் தோற்றார்கள். ஆனால் யிர்கலா இருக்கும் வடபிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) 1976இல் வந்த நிலவுரிமைச் சட்டத்தின் பின்னால் அந்த மரப்பட்டைகள் இருக்கின்றன. அவை இப்போது கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் மாட்டியிருக்கின்றன. அந்த மனுவைச் சித்திரத்தோடு அனுப்புங்கள் என்று யோசனை சொன்ன எதிர்க்கட்சி எம்.பி. கிம் பீஸ்லி. அவரே பிறகு கல்வி அமைச்சராகி, 1973இல் வடபிரதேசப் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கொண்டுவந்தார். அதற்கு வேண்டிய எழுத்துமுறையும் பாடநூல் அனுபவமும் பல ஊர்களில் மிஷன் காலத்து ஆட்களிடமிருந்து வந்தவை. 2008இல் வடபிரதேச அரசு, தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று உத்தரவு போட்டு அதை முடக்கியது. கிரேயின் ஆவி இன்னும் உலவுகிறது என்று எழுத ஆசைதான். ஆனால் விஷயம் அவ்வளவு நேர் இல்லை. நீங்கள் போகும் பிட்ஜன்ஜட்ஜாரா ஊர்களில் 1980களின் கடைசியில் பெரியவர்களே, "ஆங்கிலத்தைப் பள்ளியில் சொல்லிக்கொடுங்கள், எங்கள் மொழியை வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல நான் யார்? கேட்டது அவர்கள் என்பது எனக்குப் போதும்.

ஆகவே நன்மையா தீமையா என்ற தராசை நான் எடுக்கவில்லை. எந்த மொழியில் முதல் எழுத்து, யார் கேட்டு வந்தது, பிள்ளை ராத்திரி எங்கே தூங்கியது என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. உங்கள் குழுவையும் அப்படியே பாருங்கள். 1981ஆம் வருடச் சட்டப்படி அந்த நிலம் அவர்களுடையது. அனுமதிச் சீட்டு வாங்காமல் உள்ளே போகமுடியாது. உங்களை அழைத்தது பள்ளியா, ஊரா, அல்லது உங்கள் சபை தானாகவே கிளம்புகிறதா என்று கேளுங்கள். வகுப்பில் உள்ளூர் உதவி ஆசிரியை ஒருவர் பெரும்பாலும் இருப்பார். வருகிற குழுக்கள் வரும் போகும், அவர் அங்கேயே இருப்பார். அவருக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்யுங்கள், ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தாலும் சரி.

உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பிட்ஜன்ஜட்ஜாராவில் ஆங்கில எழுத்துக்கு அடியில் கோடு போட்டு டகர, ணகர ஒலிகளைக் காட்டுவார்கள். வெள்ளைக்கார வாத்தியார்கள் அதைச் சொல்லத் திணறுவார்கள், உங்களுக்கு நாக்கு தானாக மடங்கும். நம் எழுத்தில் குண்டூசியும் "பின்", குப்பைத்தொட்டியும் "பின்". அவர்கள் மொழியிலும் அந்த இரண்டு பகரமும் வேறு வேறு அல்ல. அதனால் ஆங்கிலத்தில் ஒரு பிள்ளை அதைத் தவறவிட்டால் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கூடவே அந்த ஊர்களில் சின்ன வயதிலிருந்தே பல பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் வைத்துக் காது சரியாகக் கேட்பதில்லை. பின்வரிசையில் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள்.

போவதற்கு முன்னால் பக்கத்து மேசைக்காரரை ஒரு காபிக்குக் கூப்பிடுங்கள். உங்கள் பயணத்துக்கு நியாயம் சொல்ல வேண்டாம். அவர் பாட்டி எந்த மொழிக்காரர் என்று மட்டும் கேளுங்கள். விருப்பம் இருந்தால் சொல்வார். சொன்னால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.