ஒரே தோட்டம், இரண்டு டிராயிங், நடுவில் எட்டடி

திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நத்தம் சாலைப் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் 20 சென்ட் தோட்டம், ஏறக்குறைய சதுரம். பாகப்பிரிவினைக்காக இரண்டு முறை டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் வழி இடத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்தோம். 2019-இல் கோயம்புத்தூர் சர்வேயர், போன மாதம் மதுரை சர்வேயர். இரண்டு ஆட்டோகேட் டிராயிங்கும் ஒன்றோடொன்று சேரவில்லை. பழையது கூகுள் எர்த்தில் வங்காள விரிகுடாவில் விழுகிறது. கம்ப்யூட்டர் சென்டரில் தென்மேற்கு மூலையை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். தென்கிழக்கு மூலையில் புதிய டிராயிங் 8 அடி தெற்கே இறங்கி, பக்கத்துத் தோட்டத்துக்குள் நிற்கிறது. புரோக்கர் ஒருவர், 'மறுபடி அளக்கணும், இல்லேன்னா இழுத்துச் சரி பண்ணிடலாம்' என்கிறார். எது சரி ஐயா?"

இரண்டு டிராயிங்கும் சரியாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி அளக்க இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். இழுத்துச் சரிசெய்ய யாரையும் விடவே விடாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. இரண்டு டிராயிங்கிலும் ஏதாவது ஒரு எல்லைக்கல்லின் மேல் கர்சரை வைத்து, கீழே தெரியும் முதல் எண்ணைப் பாருங்கள். பழையதில் 8 லட்சத்து 34 ஆயிரம் போலவும், புதியதில் 1 லட்சத்து 77 ஆயிரம் போலவும் இருக்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். இரண்டாவது எண் இரண்டிலும் 11 லட்சத்துச் சொச்சம். ஜோசியம் எல்லாம் இல்லை. உங்கள் தோட்டம் இருக்கும் இடம் அப்படி.

டிஜிபிஎஸ் அளவைகள் பெரும்பாலும் யூடிஎம் என்ற முறையில் எழுதப்படுகின்றன. பூமியை 6 டிகிரி அகலமுள்ள பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக எண் போடும் முறை அது. பட்டைக்கு ஸோன் என்று பெயர். 43-ஆம் ஸோன் 78 டிகிரி தீர்க்கரேகையில் முடிகிறது, 44 அங்கே தொடங்குகிறது. அந்த 78 டிகிரிக் கோடு தமிழ்நாட்டை நெடுக வெட்டிக்கொண்டு போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் 43. சேலம், நாமக்கல், கரூர், மதுரை, திருச்சி, சென்னை 44. திண்டுக்கல் நகரம் 78-க்கு ஒரு மயிரிழை மேற்கே, 43-இல் இருக்கிறது. அங்கிருந்து நத்தம் போகும் வழியிலேயே 44 வந்துவிடும். வத்தலக்குண்டில் தோட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு ஸோன், நத்தத்தில் வைத்திருப்பவருக்கு வேறொரு ஸோன், மாவட்டம் மட்டும் ஒன்று.

கோவைக்காரர் தன் கருவியில் எப்போதும் போல 43 வைத்து அளந்திருப்பார், மதுரைக்காரர் எப்போதும் போல 44. இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் டிராயிங்கின் மூலையில் கம்பெனி முத்திரை, செல்போன் எண், வடக்கு அம்புக்குறி எல்லாம் போட்டவர்கள், ஸோன் எண்ணை மட்டும் எழுதவில்லை. 1802-இல் பரங்கிமலையில் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய நாடு இது. 200 வருஷம் தாண்டியும் "எந்த ஸோன்" என்று இரண்டு எழுத்து எழுதவைக்க நம்மால் முடியவில்லை. மனுவில் கேஎம்எல் (கூகுள் எர்த்தில் திறக்கும் கோப்பு) கேட்கும் அலுவலகங்களும் அது எந்த ஸோனிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

43-இன் எண்களை 44 என்று நினைத்துப் படித்தால் இடம் 6 டிகிரி கிழக்கே போய்விடும். அதனால்தான் உங்கள் தோட்டம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. மாற்றிப் படித்திருந்தால் லட்சத்தீவு தாண்டி அரபிக்கடலில் விழுந்திருக்கும்.

அந்த எட்டடிக்கு வருகிறேன். ஒவ்வொரு ஸோனிலும் வடக்குத் திசை அந்த ஸோனின் நடுக்கோட்டை வைத்து முடிவாகிறது. நடுக்கோட்டில் நின்றால் காகிதத்து வடக்கும் நிஜ வடக்கும் ஒன்று. ஓரத்துக்குப் போகப் போக விலகும். உங்கள் தோட்டம் 43-க்குக் கிழக்கு ஓரம், 44-க்கு மேற்கு ஓரம். ஒன்றில் அரை டிகிரி இந்தப் பக்கம், மற்றதில் அரை டிகிரி அந்தப் பக்கம். இரண்டு டிராயிங்குக்கும் இடையே ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பம் இருக்கிறது. உங்கள் தோட்டத்தின் பக்கம் 130 மீட்டர் சுமார் இருக்கும். ஒரு மூலையை ஒட்டிவைத்து ஒரு டிகிரி திருப்பினால் அடுத்த மூலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகரும். அதாவது எட்டடி. பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் நிலத்தைப் பிடிக்கவும் இல்லை, நீங்கள் அவர் நிலத்தைப் பிடிக்கவும் இல்லை.

இனி புரோக்கர் சொன்ன "இழுத்துச் சரி பண்ணிடலாம்". ஆட்டோகேட்டில் அலைன் என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டு புள்ளிகளைக் காட்டினால் ஒரு படத்தை நகர்த்தித் திருப்பி இன்னொன்றின் மேல் வைக்கும். கடைசியில், அளவையும் மாற்றட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும். அவசரக்காரர்கள் அங்கே "எஸ்" தட்டிவிடுவார்கள். படம் அச்சாகப் பொருந்திவிடும், பார்ப்பவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நொடியில் உங்கள் நிலத்தின் நீள அகலமே மாறிவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில், இப்படி இழுத்த படத்தைப் பார்த்துக் கம்பி வேலிக்காரர் கல் ஊன்றிவிட்டுப் போனார். அந்தக் கற்களைப் பிடுங்குவதற்குள் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. படத்தை நகர்த்தலாம், திருப்பலாம். அடி மீட்டர் குழப்பம் இருந்தால் ஒழிய, பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது.

முறையான வழி இதுதான். பழைய டிராயிங்கை டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கச் சொல்லுங்கள். அது 43-ஐச் சேர்ந்தது என்று அடையாளம் கொடுத்து (அதன் குறியீடு 32643), பிறகு 44-க்கு (32644) மாற்றிப் புதிய கோப்பாகச் சேமிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாற்றுவதற்குப் பதிலாக 43 என்ற பெயரை அழித்து 44 என்று எழுதிவிட்டு, முடிந்தது என்பார்கள். மரக்கால் என்று எழுதியிருந்ததை அழித்து லிட்டர் என்று எழுதினால் மூட்டையில் அரிசி குறைந்துவிடுமா? மாற்றிய கோப்பில் அந்த எல்லைக்கல்லின் எண் 1 லட்சத்து 77 ஆயிரம் பக்கம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

மாற்றிய பிறகும் எல்லா மூலையிலும் ஒரே திசையில், ஒரே அளவில் இரண்டு மூன்று மீட்டர் விலகினால், சர்வேயர்களில் ஒருவர் பேஸ் கருவியை (அளக்கும்போது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் இணைக் கருவி) தெரிந்த புள்ளியில் வைக்காமல் தோன்றிய இடத்தில் வைத்திருக்கிறார். வடிவத்துக்கு அதனால் கேடில்லை. நகர்த்தினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், பத்திரம் எழுதப்போவதால். ஸோனின் ஓரத்தில் காகிதத்து நீளம் நிஜ நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும். உங்கள் இடத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 85 செ.மீ. 130 மீட்டரில் 11 செ.மீ. அற்பம்தான். ஆனால் 4 ஏக்கர் 20 சென்ட்டுக்கு அது 300 சதுர அடிக்கு மேல், முக்கால் சென்ட்டுக்குப் பக்கம் வந்துவிடும். மண்ணில் இல்லாத முக்கால் சென்ட்டை ஆட்டோகேட் காட்டும். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வர அது போதும். ஆகவே இரண்டு கற்களுக்கு நடுவே எஃகு டேப் பிடித்து அளந்து, டிராயிங்கோடு ஒப்பிடுங்கள். கல்லுக்குக் கல் டேப் காட்டும் நீளம்தான் நீளம். பரப்பை நில மட்டத்து அளவில் கணக்கிட்டுத் தரும்படி சர்வேயரிடம் எழுதிக் கேளுங்கள்.

அரசு அளவையின் புலப்படத்தை, அதாவது எஃப்எம்பி-யை, இதற்குள் கொண்டுவராதீர்கள். அதில் ஜி-லைன் என்ற அளவைக்கோடும், அதிலிருந்து எடுத்த ஏணி அளவும்தான் இருக்கின்றன, ஸோனும் கிடையாது, கோ-ஆர்டினேட்டும் கிடையாது. அதை ஸ்கேன் செய்து கூகுள் படத்தின் மேல் ஒட்டி, "பாருங்க, உங்க எல்லை இங்கே" என்று செல்போனில் காட்டுபவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். கூகுள் படமே சில மீட்டர் தள்ளி நிற்கும். வேறு வருஷத்துப் படத்தை மாற்றிப் பார்த்தால் உங்கள் கிணறே இடம் மாறும். எல்லையில் நிஜமான தகராறு என்றால் எஃப்-லைன் அளவைக்கு (எல்லைக்கோட்டை அரசே அளந்து காட்டுவது) மனுப் போட்டு அரசு சர்வேயரை வரவழையுங்கள். அவர் எப்போது வருவார் என்று என்னிடம் கேட்காதீர்கள். டிராயிங் 44-க்கு மாறி, டேப் அளவும் ஒத்துவரும்வரை, வேலிக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.