கால்நடைக் கேள்வி பதில்: மேல் ஊசி, கீழ் ஊசி

கேள்வி: காசநோய்ப் பரிசோதனை என்று எங்கள் கலப்பினக் கறவை மாட்டின் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஊசி போட்டார்கள். மேலே 7 மி.மீ. இருந்த தோல் மடிப்பு மூன்றாம் நாள் 10 ஆனது. கீழே 8 இருந்தது 14 ஆனது. இவ்வளவு வீங்கியும் டாக்டர் ‘சந்தேகம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தார். ஏன்?

பதில்: அவர் எழுதியது சரிதான். மேலே போட்டது பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின் (கிருமியிலிருந்து எடுத்த புரதச் சாறு). கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியுடையது. இரண்டும் 0.1 மி.லி. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பங்காளிக் கிருமிகளும், ஜோன்ஸ் கழிச்சல் கிருமியும்கூடத் தோலை வீங்க வைக்கும். அதைக் கழித்துப் பார்க்கத்தான் மேல் ஊசி. கீழே கூடியது 6, மேலே கூடியது 3, மிச்சம் 3. மிச்சம் 4-ஐத் தாண்டினால் நோய், 1 முதல் 4 வரை சந்தேகம். கீழ் ஊசி மட்டும் போட்டிருந்தால் 4 மி.மீ. கூடியதுமே நோய் என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் கீழ் ஊசி இடத்தில் நீர் கோத்து, தொட்டால் மாடு துள்ளினால், மி.மீ. கணக்கு பார்க்காமல் நோய் என்றே கொள்ள வேண்டும்.

மறுபடி ஊசி போடக் குறைந்தது 42 நாள் பொறுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு தோல் கொஞ்ச காலம் மழுங்கிக் கிடக்கும். அவசரப்பட்டால் ‘நோய் இல்லை’ என்று பொய் சொல்லும். அதுவரை மாட்டைத் தனியே கட்டுங்கள். பாலைக் காய்ச்சாமல் கன்றுக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஊசி தோலுக்குள் ஏற வேண்டும். தடவினால் பட்டாணி போல ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். தோலுக்குக் கீழே இறங்கிவிட்டால் சோதனை வீண். முதல் நாள் அளந்தவரே, அதே காலிப்பரால் (தோல் தடிமன் அளக்கும் கருவி), 72 மணி நேரத்தில் அளப்பது நல்லது. கையால் தடவி ‘கொஞ்சம்தான் வீங்கியிருக்கு’ என்பது கணக்கில் சேராது.

தொற்று வந்து சில வாரமே ஆன மாடும், புதிதாகக் கன்று ஈன்ற மாடும் வீக்கம் காட்டாமல் போகலாம். உடம்பெல்லாம் நோய் பரவி எலும்பும் தோலுமாக நிற்கும் மாடும் அப்படித்தான். பண்ணையிலேயே ஆபத்தான மாடு சோதனையில் தேறிவிடும்! அங்கேதான் ரத்தத்தில் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) பார்ப்பது கைகொடுக்கும்.

கேள்வி: ஊசியிலேயே எந்தக் கிருமி என்று தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. சென்னைப் பகுதி மாடுகளில் கண்டறியப்பட்ட மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ், மாட்டுக் காசநோய்க் கிருமி, மனிதக் காசநோய்க் கிருமி மூன்றுக்குமே தோல் வீங்கும். பிரித்தறிய பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அல்லது கிருமி வளர்ப்பு வேண்டும். வளர்ப்புக்குப் பல வாரம் ஆகும்.

கேள்வி: கோயில் யானைக்கும் இதே ஊசிதானா?

பதில்: இல்லை, யானைத் தோலில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. தும்பிக்கைக்குள் 60 மி.லி. கிருமி நீக்கிய உப்புநீரை விட்டு, தும்பிக்கையைத் தூக்கச் செய்து, பிறகு சுத்தமான பையில் இறக்கிப் பிடித்து, அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும், ஏனென்றால் கிருமி தினமும் வெளிவராது. யானைக்கு வருவது பெரும்பாலும் மனிதக் கிருமி. பாகனுக்கும் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.