கிரகடோவா எத்தனை டெசிபெல்?

கேள்வி: மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எரிமலைச் சத்தம் பற்றி சார்ட் தயாரிக்கிறோம். கிரகடோவா வெடிப்பு 310 டெசிபெல் என்று ஒரு வீடியோவிலும் 172 என்று இன்னொன்றிலும் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: 172 என்றே எழுதுங்கள். கூடவே '160 கி.மீ. தொலைவில்' என்றும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம் சொல்லாத டெசிபெல் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

1883 ஆகஸ்ட் 27 காலை பத்து மணி வாக்கில், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருந்த அந்தத் தீவு வெடித்தது. அங்கிருந்து அந்த 160 கி.மீ. தள்ளி, இன்றைய ஜகார்த்தாவில் இருந்த எரிவாயு ஆலையின் அழுத்தமானி இரண்டரை அங்குலப் பாதரச அளவுக்கு மேல் எகிறியது. அதிலிருந்து கணக்கிட்டதுதான் 172. அந்த 310-ஐ அழுத்தமாக மாற்றிப் பாருங்கள், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறு லட்சம் மடங்கு வரும்! காற்றில் சாதாரண ஒலி அலைக்கு 194 டெசிபெல்தான் உச்சம். அலையின் தாழ்ந்த பகுதியில் அழுத்தம் பூஜ்யத்தைத் தொட்டபின் இன்னும் கீழே போக வழியில்லை. அதைத் தாண்டினால் அது ஒலி அல்ல, அதிர்ச்சி அலை.

சார்ட்டின் நடுவில் ரோட்ரிகஸ் தீவை வரையச் சொல்வேன். மொரீஷியஸுக்குக் கிழக்கே, வெடித்த இடத்திலிருந்து சுமார் 4,800 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே காவல்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ், கிழக்கிலிருந்து பீரங்கி முழக்கம் போலக் கேட்டதைப் பதிவு செய்தார். சத்தம் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்து மகளே வகுத்துப் பார்க்கட்டும், சரியாக வரும். இலங்கையிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

இவ்வளவு தூரம் போகக் காரணம், தாழ்ந்த அதிர்வெண் ஒலியைக் காற்று குறைவாகவே உறிஞ்சும் என்பது. மேலே போகும் ஒலியை மேல் வளிமண்டலம் வளைத்துக் கீழே திருப்பியும் விடும். இதனால் இடையில் ஒரு மௌனப் பகுதி உண்டாகும். 1980-இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோது அருகில் இருந்த பலருக்குக் கேட்கவில்லை, நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருந்தவர்களுக்குக் கேட்டது.

அப்புறம், 'சத்தம் உலகைச் சுற்றியது' என்று எழுத வேண்டாம். சுற்றியது காதுக்கு எட்டாத அழுத்த அலை. 2022 ஜனவரி 15-இல் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோதும் அப்படித்தான், சென்னையின் காற்றழுத்தமானிகள்கூட அந்த அலையைப் பதிவு செய்தன. டோங்கா வெடிப்பின் சத்தமே கிட்டத்தட்ட 10,000 கி.மீ. தள்ளி அலாஸ்காவில் கேட்டது. எனவே 'மிக அதிக தூரம் கேட்ட சத்தம்' என்ற பட்டத்தைக் கிரகடோவாவுக்குக் கொடுக்காதீர்கள்.