பங்கு விற்றதில் நஷ்டம்தான் வந்தது. அதையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா?

கண்டிப்பாகக் காட்டுங்கள். அதுவும் கெடு தேதிக்குள். இந்த ஒரு விஷயத்தில் 28,704 ரூபாயை விட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர் என்றே எடுத்துக்கொள்கிறேன். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிச் சந்தை விழுந்தபோது பயந்துபோய் விற்றேன். வாங்கி ஒரு வருஷம் ஆகாத பங்குகள். 1,84,000 ரூபாய் போனது. வலங்கைமான் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலம் உண்டு. அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். குறுவை நெல்லை முன்னதாக நட்டுவிட்டு, ஜூலை முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்குமாக அலைந்தேன். வழக்கமாகக் கணக்குப் போட்டுத் தருபவர், "நஷ்டம்தானே சார், மெதுவா போட்டுக்கலாம்" என்றார். கெடு தேதியான ஜூலை 31 போனது. செப்டம்பரில் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்தோம்.

2023 டிசம்பரில் வேறு பங்குகளில் 2,10,000 ரூபாய் குறுகிய கால லாபம், அதாவது வாங்கி ஒரு வருஷத்துக்குள் விற்றதில் வந்தது. பழைய நஷ்டம் போக 26,000-க்குத்தான் வரி என்று நம்பியிருந்தேன். அக்கா மகன் லேப்டாப்பில் ஐடிஆர்-2 என்ற வருமான வரிப் படிவத்தை நிரப்பினான். பழைய நஷ்டத்தை எழுதும் அட்டவணையில், அந்த வருஷக் கணக்கைத் தாக்கல் செய்த தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பழைய ரசீதை எடுத்து நீட்டினேன். 26-09-2022. தேதியைப் பார்த்தவன், "மாமா, இதைக் கழிக்க முடியாது" என்றான்.

கெடுவுக்குள் போட்டிருந்தால் 8 வருஷம் வரை எடுத்துச் சென்று லாபத்தில் கழித்திருக்கலாம். அந்த 1,84,000-க்கு 15 சதவீத வரியும், அந்த வரி மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்துதான் மேலே சொன்ன 28,704 ரூபாய். 2024 ஜூலை 23 முதல் அந்த வரி 20 சதவீதம். இன்று தவறவிட்டால் இன்னும் கூடுதலாகப் போகும்.

'விவசாயிக்குத்தான் வரியே இல்லையே, என்ன புலம்பல்' என்று சிலர் வருவார்கள். நான் சம்பளத்துக்கு ஒழுங்காக வரி கட்டுகிறவன். வயல் வருமானம் எப்படி வருகிறது என்பதையும் கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி விடுகிறார்கள். களத்தில் காயவைத்த நெல் ராத்திரி மழையில் மறுபடி நனைகிறது. வாசலில் வாரக்கணக்கில் மூட்டைக்குக் காவல் படுத்திருக்கிறோம். இதற்கு யார் பதில் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால, நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான். சம்பளத்தில் எதையும் கழிக்க முடியாது. ஐடிஆர்-1 போடாதீர்கள், நஷ்டத்தை எடுத்துச் செல்ல அதில் இடமில்லை. அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அதைத் தாண்டினால், சரிபார்த்த நாளைத்தான் தாக்கல் தேதியாக எடுப்பார்கள்.