கணினி வோல்ட்டேஜ்: ஆட்டோவை நம்பலாமா?

கேள்வி: என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ7-8700கே சில்லு (பிராசசர்). பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) வேகத்தை 4.8 கிகாஹெர்ட்ஸ் வைத்து, வோல்ட்டேஜைக் கணினியே தீர்மானிக்கட்டும் என்று ஆட்டோவில் விட்டேன். 1.40 வோல்ட் காட்டுகிறது, சூடு 95 டிகிரி. பரவாயில்லையா அண்ணே?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தச் சில்லு 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் 4.8 எதற்கு? கணினி நின்றுவிடக் கூடாதே என்று ஆட்டோ தாராளமாகவே வோல்ட்டேஜ் கொடுக்கும். மின்செலவோ வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: அதே வேகத்தில் 1.25-லிருந்து 1.40-க்குப் போனால் சுமார் 25 சதவீதம் கூடுதல். அத்தனையும் சூடுதான்.

வோல்ட்டேஜை மேனுவலில் 1.25 வைத்து, சில்லுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கணினி நின்று நீலத்திரை வந்தால் 0.01 மட்டும் கூட்டுங்கள். 1.35-ஐத் தாண்டவேண்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள். எல்லாச் சில்லும் ஒன்றுபோல் அமையாது. எனக்கும் தோட்டத்துத் தகரக் கூரை வீடுதான், அதனால் மதியம் மூன்று மணிக்குத்தான் சோதிப்பேன். விடியற்காலையில் தேறுவதை நம்பமாட்டேன்.

சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் சற்று இறங்குவது இயல்பு. அந்த இறக்கத்தை ஈடுகட்டும் பயாஸ் அமைப்புதான் லோட்லைன் கேலிபிரேஷன். அதை உச்சத்தில் வைக்காதீர்கள், சுமை விலகும் நொடியில் வோல்ட்டேஜ் எகிறும். நடு அளவு போதும்.

விளையாட்டுக்குத்தான் என்றால், 4.6-க்கும் 4.8-க்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.