மோரா, எஸீ, ஃபெல்க்னிவன், கா-பார்: மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் எந்த மடங்காத கத்தி வாங்கலாம்?

நீங்கள் அனுப்பிய கேள்வியில் மோரா, எஸீ, ஃபெல்க்னிவன், கா-பார் என்று நான்கு கத்தி பிராண்டுகள் இருக்கின்றன. கூடவே தேவையும் தெளிவாக இருக்கிறது: மடங்காத கத்தி, பல வருடம் உழைக்க வேண்டும், சின்ன விறகு பிளக்க வேண்டும், காய்கறி நறுக்க வேண்டும், தீ மூட்ட மரச்சீவல் எடுக்க வேண்டும். கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோரா கம்பேனியன் வாங்குங்கள். நன்றாகப் புழங்கிய பிறகும் அது போதவில்லை என்றால் அதே கம்பெனியின் கார்பெர்க் பக்கம் போங்கள். மற்ற மூன்றும் மட்டமான கத்திகள் அல்ல. நீங்கள் சொன்ன வேலை அவற்றுக்கு முதல் வேலை இல்லை, அவ்வளவுதான்.

பிராண்டு பார்த்துக் கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது அலகின் தடிமனை. கம்பேனியனின் முதுகு 2.5 மி.மீ. கார்பெர்க் 3.2. ஃபெல்க்னிவன் எஃப்1 4.5. எஸீ-4 ஏறக்குறைய 4.8. கா-பார் விற்கும் பெக்கர் பிகே2 கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ, எடையோ அரைக் கிலோவை நெருங்கும். படத்தில் பார்த்தால் தடித்த கத்திதான் உறுதியாகத் தெரியும். ஒரு கேரட்டை எடுத்து வெட்டிப் பாருங்கள். மெல்லிய கத்தி அடிவரை இறங்கும். பிகே2 பாதி இறங்கியதுமே ஆப்பு மாதிரி வேலை செய்யும். கேரட் டக்கென்று பிளந்து ஒரு துண்டு தெறித்து ஓடும். கூர் குறைந்து அப்படி ஆவதில்லை, கூருக்குப் பின்னால் இருக்கிற சதை அதிகம். மரச்சீவல் எடுக்கும்போதும் அதே கதைதான். தடித்த கத்தியை இறுக்கி அழுத்த வேண்டும், அழுத்தினால் கை சீக்கிரம் ஓயும், ஓய்ந்த கையில்தான் கத்தி நழுவி வெட்டுப்படும்.

ஆப்பு மாதிரி வேலை செய்யும் குணம் விறகு பிளக்கும்போது மட்டும் லாபம். அதற்காக 24 மணி நேரமும் அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இனி ஒவ்வொன்றாக. மோரா ஸ்வீடனில் மோரா என்ற ஊரிலேயே தயாராகிறது. நிறுவனத்தின் வேர் 1891-க்குப் போகிறது. கம்பேனியனின் அலகு சுமார் 10 செ.மீ. அலகின் பக்கத்திலிருந்து கூர் வரை ஒரே சரிவு; இடையில் இன்னொரு சின்னச் சரிவு கிடையாது. இதை ஸ்கேண்டி என்பார்கள். மரத்தில் இந்தச் சரிவையே படுக்கவைத்துத் தள்ளலாம் என்பதால், முதல் முறை கத்தி பிடிக்கிறவருக்கும் சுருள் சுருளாகச் சீவல் வரும். குறை இரண்டு. பிடிக்குள் போகும் இரும்பு (டேங் என்பது இதைத்தான்) பிடியின் கடைசி வரை போவதில்லை. முதுகின் ஓரம் மொண்ணையாக இருப்பதால் ஃபெர்ரோ குச்சியை (தீ மூட்டப் பொறி தெறிக்கும் உலோகக் குச்சி) உரசினால் பொறி சரியாக வராது. இரண்டாவதற்கு மருந்து எளிது: கரடான சாணைக்கல்லின் மேல் முதுகைச் செங்குத்தாக நிறுத்தி, நகத்தில் உரசினால் துகள் எடுக்கும் வரை தேய்த்தால் போதும். முதுகின் நுனிப் பக்கம் 3 செ.மீ. மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். முழுதும் தேய்த்தால் கட்டைவிரல் வைக்குமிடம் அறுக்கும்.

கார்பெர்க்கில் இந்த இரண்டு குறையும் இல்லை. டேங் பிடியின் அடி வரை போய் வெளியே தெரியும், முதுகும் செதுக்கிய ஓரத்தோடு வரும். எஃகு 14சி28என், துரு எளிதில் ஏறாத வகை. எடையும் விலையும் கூடுதல்.

எஸீ அமெரிக்காவில் ஐடஹோ ஃபால்ஸில் செய்யப்படுகிறது. காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி நடத்துகிறவர்கள் தொடங்கிய பிராண்டு என்பதால், 'உடையக் கூடாது' என்பதே அதன் முதல் விதி. 1095 என்ற கார்பன் எஃகை, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55 முதல் 57 வரைதான் கடினமாக்குகிறார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் மென்மை. கல்லில் பட்டால் கூர் தெறிக்காமல் மடங்கும். மடங்கியதை முகாமிலேயே தீட்டி நிமிர்த்திவிடலாம். விலைக்கு உரிய காரணம் ஆயுட்கால வாரன்டியும்தான், கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார்கள். ஆனால் கடல் கடந்து திருப்பி அனுப்பும் கூரியர் செலவைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு எஸீ-4 வாங்கும் காசில் நான்கைந்து கம்பேனியன் வாங்கலாம். இதுவும் ஒரு வாரன்டிதான்.

ஃபெல்க்னிவன் எஃப்1 ஸ்வீடன் விமானப்படை விமானிகளின் கத்தி என்று 1995 முதல் பெயர் பெற்றது. கம்பெனி ஸ்வீடனின் வடக்கே, கத்தி செய்வது ஜப்பானில். நடுவில் கடினமான விஜி10 எஃகு, இரு பக்கமும் மென்மையான எஃகு என்ற அடுக்கு அமைப்பில் கிடைக்கும். கடலோரத்துக்கும் மழைக்கும் இது பொருத்தமானது. எனக்குப் பிடித்ததும் இதுதான், ஆனாலும் முதல் கத்தியாகச் சொல்ல மாட்டேன். இதன் கூர் வெளிப்பக்கம் புடைத்த வளைவு. தட்டையான கல்லில் வைத்துப் பழக்கமில்லாத கை தீட்டினால் அந்த வளைவு போய்விடும்.

கா-பார் என்றால் எல்லோர் நினைவிலும் வருவது 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட 7 அங்குலக் கத்தி. அழகு, வரலாறு எல்லாம் உண்டு. பிடி தோல் வளையங்களை அடுக்கிச் செய்தது. நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பிடிக்குள் போகும் இரும்பு ஒல்லியான கம்பி. 7 அங்குலம் வெங்காயத்துக்கு நீளம், கிளை வெட்ட அரிவாள் அளவுக்குக் கனம் இல்லை.

அரிவாள் என்றதும் ஒன்று. மணிக்கட்டை விடத் தடித்த விறகு என்றால் எந்த பிராண்டுக் கத்தியும் வேண்டாம். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த ஒரு வெட்டரிவாள், விலையில் கால்வாசிக்கும் குறைவு, வேலையில் பிகே2-வைத் தோற்கடிக்கும். கம்பேனியனும் ஒரு சின்ன அரிவாளும் சேர்ந்த ஜோடிக்கு நிகராக ஒற்றைக் கத்தி எதுவும் இல்லை என்பது என் கட்சி.

கத்தியால் விறகு பிளக்கும்போதுதான் பெரும்பாலான கத்திகள் உடைகின்றன. முறை இது. 10 செ.மீ. அலகுக்கு 6 செ.மீ. விட்டத்துக்கு மேல் கட்டை எடுக்காதீர்கள். கட்டைக்கு வெளியே நுனி குறைந்தது 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அங்கேதான் அடி விழப்போகிறது. கணு இல்லாத கட்டையாகப் பொறுக்குங்கள். கட்டையை நிறுத்தி, தலையில் கத்தியை வைத்து, முதுகை இன்னொரு மரத்துண்டால் தட்டுங்கள். கல்லாலோ சுத்தியலாலோ அல்ல. அலகு உள்ளே இறங்கியதும் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் அடியுங்கள், பிடி தரைக்கு இணையாகவே இருக்கட்டும். நடுவில் சிக்கிக்கொண்டால் பிடியைப் பக்கவாட்டில் திருகத் தோன்றும். திருகாதீர்கள். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் முழு விசையும் சேரும். அங்கே இரும்பு வளைவாக இல்லாமல் செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் விரிசல் அந்த மூலையிலிருந்தே கிளம்பும். மலிவான 'கமாண்டோ' கத்திகள், முக்கியமாகப் பிடிக்குள் தூண்டிலும் தீப்பெட்டியும் வைக்கும் குழல் பிடிக் கத்திகள் உடைவது அங்கேதான். சிக்கிய கத்தியை எடுக்க, பிளவில் ஒரு மரஆப்பைச் செருகித் தட்டினால் தானாக விடும்.

எஃகு பற்றி நீங்கள் கேட்டது: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா? வீட்டு அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கினால் அலகு கறுப்பது ஞாபகம் இருக்கும். கார்பன் எஃகு அப்படித்தான். அந்தக் கறுப்பு நல்லது, செந்துரு கெட்டது. எஸீயின் மேல் பூச்சு பக்கங்களைக் காக்கும், கூரைக் காக்காது. பூச்சு இல்லாத அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் துரு முதலில் விழும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர் என்றால் ஸ்டெயின்லெஸ்ஸே எடுங்கள். கார்பன்தான் வேண்டும் என்றால் வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் போதும். கொடைக்கானல் குளிரில் உறைந்து வெள்ளையாக அப்பிக்கொள்ளும், துடைத்துவிட்டால் சரி. எந்தக் கத்தியையும் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

தீட்டுவதற்கு வருவோம். மோராவின் சரிவைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்து, நடுங்காமல் 400 கிரிட்டில் (கல்லின் நயத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் நயம் கூடும்) தொடங்கி 1000-இல் முடியுங்கள். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். நுனி முதல் அடி வரை பிசிர் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அதற்கு முன் திருப்புவதுதான் 'எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை' என்ற புகாருக்குக் காரணம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுங்கள், முன்னோக்கித் தள்ளினால் தோலை அறுக்கும். கணுவில் பட்டுக் கூர் அடிக்கடி சேதமானால், கடைசியில் கத்தியை ஒரு துளி தூக்கி இரு பக்கமும் நாலைந்து இழுப்பு கொடுங்கள். வழவழப்பான சீவல் கொஞ்சம் குறையும், கூர் தாங்கும். எஸீ என்றால் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டும்: 3 செ.மீ. அகல அலகுக்கு முதுகு கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்ந்தால் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி. எஃப்1-க்குக் கல் வேண்டாம். பழைய மவுஸ் பேட் மேல் 1000, 2000 உப்புத்தாள் வைத்துப் பின்னோக்கி மட்டும் இழுங்கள், அமுங்கும் அட்டை வளைவைக் காப்பாற்றும்.

சட்டம் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதமாக வருகிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் தேவைக்கானவை விதிவிலக்கு. மேலே சொன்ன பிராண்டுக் கத்திகள் எல்லாம் அளவுக்குள்தான். அதனால் இடுப்பில் தொங்கவிட்டு பஸ் ஏறலாம் என்று அர்த்தமில்லை. முக்கியமாக, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. முதுமலையோ களக்காடோ போகிறீர்கள் என்றால் கத்தியை வீட்டில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் உறையோடு சுற்றி வைக்கலாம்.

பார்சல் வந்ததும் முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அலகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கூர்ப் பக்கத்தை விளக்குக்கு நேராகத் திருப்புங்கள். கூர்மையான இடம் ஒளியைத் திருப்பி அனுப்பாது, மின்னும் புள்ளி இருந்தால் அங்கே மழுங்கியிருக்கிறது. கடைசியாக, கத்தியை உறையில் போட்டு மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.